‘சாரி சார்’ ஒரு காரணம் ஆகாது

போன மாதம் கவிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு, இறுதிப் பரிசோதனை மேசையில் என் நாற்காலியில் உட்காருகிறவள்.

“அக்கா, வெளிநாட்டுல இருந்து ஆடிட்டுக்கு வராங்களாம். எதை எடுத்தாலும் ஒய், ஒய்னு கேப்பாங்களாமே. எனக்கு பிகாஸ்னு ஒண்ணுதான் தெரியும். நீங்க வேற வேற மாதிரி சொல்லுவீங்கன்னு பழைய ஆளுங்கல்லாம் சொல்றாங்கோ. ஒரு நோட்ல எழுதிக் குடுங்கக்கா, மனப்பாடம் பண்ணிக்கினு போறேன்.”

“இப்பல்லாம் போனே மாத்திச் சொல்லுதாமே. நீ தமிழ்ல பேசுனா அது இங்கிலீஷ்ல பேசிடுதாம்.”

“உள்ள போன் உட மாட்டாங்களேக்கா. கேட்லயே வாங்கி வெச்சுக்குவாங்க. அதுக்குள்ள மறந்துட்டீங்களா?”

மறக்கவில்லை. எனக்கு எதுவும் லேசில் மறக்காது, அதுதான் என் தொல்லை. வீட்டைப் பூட்டிவிட்டு பாகலூர் பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்து, பூட்டினோமா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள் நான். என் வீட்டுக்காரர் மரியதாஸ், “பூட்டையே கையோட கழட்டி எடுத்துக்கினு போயிடு பிலோமினா, நிம்மதியா இருக்கும்” என்பார். அந்தக் கவலை புத்திதான் எனக்குச் சோறு போட்டது. அதே புத்தி ஒரு முறை என் வாயை அடைத்து, இன்னொருத்தன் வேலைக்கு உலை வைத்தது. கவிதாவுக்கு ஐந்து வரி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத அந்தக் கதைதான் வந்தது. சரி, அதையே எழுதிவிடுகிறேன்.

எட்டாவது முழுப் பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அம்மா படுத்துவிட்டாள். பள்ளிக்கூடம் அதோடு சரி. கல்யாணத்துக்குப் பிறகு ஓசூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் சேர்ந்தேன். எரிபொருள் பம்புக்குள் போகிற சின்ன இரும்பு புஷ் செய்கிற கம்பெனி. சுண்டுவிரல் அளவு உருளை, நடுவில் ஒரு துளை. அட்டைப் பெட்டியில் அடுக்கும்போதே ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். “இந்தம்மா பேக்கிங்ல இருந்தா ராத்திரிக்குத்தான் வண்டி கிளம்பும், இன்ஸ்பெக்‌ஷன்ல போடுங்க” என்று யாரோ சலித்துக்கொண்டு சொன்னதுதான் என் பதவி உயர்வு.

இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் என் ஆயுதம் ஒரு கேஜ். கைப்பிடியின் இரண்டு பக்கமும் பளபளவென்று இரும்புக் குச்சி. ஒரு பக்கம் ‘கோ’, இன்னொரு பக்கம் ‘நோ-கோ’. துளை சரியாக இருந்தால் கோ பக்கம் தன் எடையிலேயே உள்ளே இறங்க வேண்டும். நோ-கோ பக்கம் வாயிலேயே நின்றுவிட வேண்டும். நோ-கோ உள்ளே போய்விட்டால் துளை பெரிது, அந்தப் பீஸ் சிவப்புப் பெட்டிக்கு. துணியால் துடை, ஒரு சொட்டு எண்ணெய் தடவு, நேராகப் பிடி, அழுத்தாதே. அழுத்தினால் கேஜ் பொய் சொல்லும். சாயந்திரம் மரப்பெட்டியில் வெல்வெட் துணி மேல் படுக்க வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். என் மகளைக்கூட அவ்வளவு பதமாகத் தூங்க வைத்ததில்லை.

சுஷ்மா மேடம் வந்த பிறகுதான் இங்கிலீஷ் வந்தது. அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரிலிருந்து தினமும் வருகிற குவாலிட்டி இன்ஜினியர். என்னைவிட பதினைந்து வயதாவது சின்னவர். உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மேசை ஓரத்தில் ஒரு கையை ஊன்றி நின்றுகொண்டே கேட்பார். நாம் ஏதாவது காரணம் சொன்னால் சரி என்றும் சொல்ல மாட்டார், தப்பு என்றும் சொல்ல மாட்டார். “ஆமேலே?” என்பார். கன்னடத்தில் ‘அப்புறம்?’ அவ்வளவுதான். பேனாவைத் திறந்துகொண்டு காத்திருப்பார். அந்த மௌனம் தாங்காமல் நாம் இன்னொரு காரணம் சொல்வோம். “ஆமேலே?” மூன்றாவது ‘ஆமேலே’யில் உண்மை வெளியே வந்துவிடும்.

கஸ்டமர் கம்பெனிகளிலிருந்து ஆடிட்டுக்கு வருகிறவர்கள் ஆபீசில் காபி குடித்துவிட்டுப் போகிற ரகம் இல்லை. நேராக மிஷின் பக்கத்தில் வந்து, வேலை செய்கிற ஆளையே பார்த்து “ஒய்?” என்பார்கள். எங்கள் லைன் சூப்பர்வைசர் செல்வம் எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில் வைத்திருந்தார். “ஃபார் சேஃப்டி, சார்.” இந்தக் கடிகாரம் ஏன் பத்து நிமிடம் மெதுவாக ஓடுகிறது என்று ஒரு தடவை ஒருத்தர் கேட்டார். “ஃபார் சேஃப்டி, சார்.” அவர் போகும் வரை நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றோம்.

அன்று சாயந்திரமே மேடம் எங்களை வெள்ளைப் பலகை முன்னால் நிற்க வைத்தார். “ஒரு காரணத்தை நாலஞ்சு விதமா சொல்லலாம். நீங்க வீட்டுல சொல்றதில்லையா? ‘மழை, அதனால வரல’ன்னு சொல்லுவீங்க. ‘வரல, ஏன்னா மழை’ன்னும் சொல்லுவீங்க. இங்கிலீஷும் அப்டியே. பயப்படாதீங்க.”

அவர் பலகையில் எழுதியதை நான் எனக்குப் புரிகிற மாதிரி தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். ‘பிகாஸ்’ நேராகக் காரணத்தைச் சொல்வது. ‘சின்ஸ்’ என்றால், உங்களுக்கும் தெரிந்த விஷயம்தானே, அதனால்தான் இப்படி என்கிற மாதிரி பவ்வியமாகத் தொடங்குவது. ‘ஸோ தட்’ என்றால் இனிமேல் ஒன்று நடக்க வேண்டும் அல்லது நடக்கக் கூடாது என்பதற்காகச் செய்வது. கேஜை ஏன் துடைக்கிறாய் என்றால், ‘ஸோ தட் தூசி மெஷர் ஆகாது.’ ‘தட் இஸ் ஒய்’ எனக்கு ரொம்பப் பிடித்தது. நடந்ததை எல்லாம் நம் வழக்கப்படி முதலில் சொல்லிவிட்டு, கடைசியில் ‘அதனாலதான்’ என்று முடிக்கலாம்.

‘ட்யூ டு’ என்பதை மேடம் ஓரமாக எழுதினார். “இது ரிப்போர்ட்ல வரும். பேசுறப்ப அதிகம் வேண்டாம்.”

“ஏன் மேடம்?” என்றேன்.

“அதுல பெரும்பாலும் ஆள் இருக்க மாட்டாங்க. பொருள் மட்டும் இருக்கும். ஆள் வந்தா, பழியோட வருவாங்க.”

அப்போது எனக்கு அது விளங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

இனி அந்தக் கேஜ் விழுந்த நாளுக்கு வருகிறேன்.

முதல் ஷிப்ட் முடிகிற நேரம், மதியம். கம்பெனி பஸ் ஹாரன் அடித்துவிட்டது. பாகலூர் பஸ் விட்டால் அடுத்தது ஒரு மணி நேரம் கழித்துத்தான். அவசரமாகக் கேஜைத் துடைத்துப் பெட்டியில் வைக்கப் போனேன். எண்ணெய்க் கை. வழுக்கி, மேசைக் காலின் இரும்பு விளிம்பில் ‘டிங்’ என்று பட்டு, தரையில் உருண்டது. நோ-கோ பக்கம்.

எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. விரலால் தடவினேன். ஏதோ இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

விழுந்த கேஜை எடுத்துச் சிவப்புச் சீட்டுக் கட்டி, கேஜ்களைச் சோதிக்கிற அளவுமானி அறைக்குக் கொடுக்க வேண்டும். அதுதான் விதி. கூடவே ஒரு படிவம். அதில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் யார் எதைக் கொண்டுபோனாலும் எங்கள் கம்பெனியில் ஒரே வாசகம்தான் எழுதுவார்கள்: ட்யூ டு ஆபரேட்டர் நெக்லிஜென்ஸ். தொழிலாளியின் அலட்சியம். மிஷின் நின்றாலும் அதுதான், பெல்ட் அறுந்தாலும் அதுதான். சில பிரிவுகளில் கை வலிக்கிறது என்று ரப்பர் ஸ்டாம்பே செய்து வைத்திருந்தார்கள். பிறகு அந்தப் பெயர் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும். கேன்டீனுக்குப் போகிற வழியில், எல்லோரும் சோற்றுத் தட்டோடு நின்று படிக்கிற இடத்தில்.

‘பிலோமினா, அலட்சியம்’ என்று என் பெயர் அங்கே இருக்கப்போவதை நினைத்தேன். பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற எனக்கு அந்த வார்த்தை. ஹாரன் மறுபடி அடித்தது. கேஜைப் பெட்டியில் வைத்துவிட்டு ஓடினேன்.

மறுநாள் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாள் நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று இருந்தேன். மூன்றாம் நாள், ஒன்றும் ஆகியிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கடுத்த வாரம் வழக்கமான சோதனைக்குக் கேஜ் அளவுமானி அறைக்குப் போனது, திரும்பி வரவில்லை. புதுக் கேஜ் வந்தது. பழையதற்கு அவர்கள் எழுதியது ‘ட்யூ டு வேர்’, தேய்மானம். அப்பாடா என்று மூச்சு விட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நோ-கோ முனையில் அடிபட்டால் இரும்பு கொஞ்சம் பிதுங்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு. அந்தப் பிதுக்கம் போதும், பெரிய துளைக்குள்ளும் அது போகாமல் வாயிலேயே நின்றுவிடும். நான் ‘சரி’ என்று பச்சைப் பெட்டியில் போட்டுவிடுவேன். அப்படி எத்தனை போட்டேன் என்று தெரியாது. அந்த வாரம் மிஷினில் துளை பெரிதாகவும் வந்திருந்தது என்பது கஸ்டமர் புகார் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அந்த மிஷினை ஓட்டியவன் நாகராஜ். பேரிகைப் பக்கத்துக் கிராமம், வீட்டில் தெலுங்கு. கான்ட்ராக்ட் ஆள். பைக்கில் பாகலூர் வந்து, என்னோடு கம்பெனி பஸ் ஏறுவான். எனக்குப் பின் சீட். “அடுத்த மாசம் பர்மனென்ட் லிஸ்ட்ல என் பேரும் கீதாம்கா. லெட்டர் கைக்கு வந்தப்புறம்தான் வீட்ல சொல்லணும்” என்று ஒரு நாள் காதோரம் சொன்னான்.

புகாரை விசாரிக்கக் கஸ்டமர் கம்பெனியிலிருந்து ஒருத்தர் வந்தார். புனேக்காரர். கண்ணாடி, மெலிந்த உடம்பு, கோபமில்லாத முகம். சுஷ்மா மேடம் அன்று விடுப்பு. செல்வம்தான் கூட வந்தார். என் மேசைக்கும் அந்த மிஷினுக்கும் நாலு எட்டுதான், எல்லாம் என் காதில் விழுந்தது.

“ஒய் இஸ் தி போர் ஓவர்சைஸ்?” துளை ஏன் பெரிது என்று நாகராஜைக் கேட்டார்.

நாகராஜ் தன் கையைப் பார்த்தான். மிஷினைப் பார்த்தான்.

“சாரி சார்.”

“நோ, நோ. ஐ ஆம் ஆஸ்கிங் ஒய்.”

“சாரி சார். வெரி சாரி சார்.”

செல்வம் முன்னால் வந்தார். “ட்யூ டு ஆபரேட்டர் நெக்லிஜென்ஸ், சார்.” புனேக்காரர் எழுதிக்கொண்டார். மன்னிப்புக் கேட்டாகிவிட்டது, அதனால் குற்றமும் ஒப்புக்கொண்டாகிவிட்டது. அது ஏன் பரிசோதனையில் சிக்கவில்லை என்று இன்னொரு கட்டம் இருந்தது. அதில் ‘ட்யூ டு கேஜ் வேர், கேஜ் மாற்றப்பட்டது’ என்று எழுதினார்கள். என்னை யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஒரே தாளில் ஒரு ‘ட்யூ டு’ அவனைக் காட்டிக் கொடுத்தது, இன்னொரு ‘ட்யூ டு’ என்னை மறைத்து வைத்தது.

மறுநாள் பஸ்ஸில் என் பின் சீட் காலி.

மாலையில் போன் செய்தேன். அண்ணன் தோட்டத்தில் தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தான்.

“கான்ட்ராக்டர் வர வேணாம்னுட்டாருக்கா. ரிப்போர்ட்ல என் பேரு கீதாம். ஆளை எடுத்தாச்சுன்னு காட்டணுமாம்.”

“ஏன்டா சாரி சொன்ன? உன் மேல என்ன தப்பு?”

“கூலண்ட் தண்ணியா இருந்துச்சுக்கா. ஆயில் டிரம் வரலன்னு வெறும் தண்ணிய ஊத்திக்கினே இருந்தாங்க. டூல் சூடாயி துளை பெருசா போவுதுன்னு ரெண்டு தபா சொன்னேன். ‘டெஸ்பாட்ச் முடியட்டும், ஓட்டுப்பா’ன்னாங்க.”

“அதை அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே. மூணு பாஷை பேசுறியே.”

“மூணுலயும் காரணம் ரெடியா வெச்சிருந்தேன்கா. அந்தாளு நாலாவதுல கேட்டாரு.” சிரித்தான். பிறகு, “அந்த பாஷைல எனக்கு சாரின்னு ஒண்ணுதான் தெரியும்” என்றான்.

கேஜ் விழுந்ததை அவனிடம் அப்போதும் சொல்லவில்லை. வாய் வரைக்கும் வந்தது.

நாங்கள் வேதக்காரர்கள், கத்தோலிக்கர். கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது சாமியார் ஏன் என்று கேட்க மாட்டார். செய்ததைச் சொன்னால் போதும், காரணம் சொல்லத் தொடங்கினால் அது சாக்கு. சின்ன வயதிலிருந்து அப்படித்தான் பழக்கம். கம்பெனி அப்படி இல்லை. அங்கே காரணம் சொல்லாவிட்டால் அடுத்த ஆளுக்கும் அதே கேஜ்தான் விழும். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டேன்.

மரியதாஸிடம் சொன்னேன். அவர் வழக்கமான கேலியை விட்டுவிட்டார். “வேலை போனா போவுது. நீ இப்பிடி ராவும் பகலும் முழிச்சுக்கினு கெடந்தா ஆள் போயிடுவே” என்றார்.

அடுத்த நாள் அளவுமானி அறையில் மேடத்தைத் தனியாகப் பிடித்தேன்.

“மேடம், அந்தக் கேஜ் தேயல.”

“ஆமேலே?”

“கீழ விழுந்துச்சு.”

“ஆமேலே?”

“நான்தான் போட்டேன். சொல்லல.”

மூன்றாவது ‘ஆமேலே’ வரவில்லை. மேடம் பேனாவை மூடினார். திட்டுவார் என்று நின்றேன். அவர் செய்த முதல் வேலை, ஸ்டோருக்குப் போன் போட்டு அந்த வாரத்துப் பெட்டிகள் ஏதாவது மிச்சமிருந்தால் நிறுத்தி வைக்கச் சொன்னது. பிறகு குப்பையில் போகாமல் அலமாரியில் கிடந்த பழைய கேஜைத் தேடி எடுத்து, பூதக்கண்ணாடி அடியில் வைத்தார். “நோடி”, பாருங்கள் என்று என்னைக் கூப்பிட்டார். பார்த்தேன். முனையில் ஒரு சின்ன மேடு. நகத்தில் சதை பிய்ந்த மாதிரி.

மேடம் அன்றே மேலே போய்ச் சொன்னார். திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது. “ரிப்போர்ட் க்ளோஸ் ஆயிடுச்சாம். கஸ்டமர் ஒத்துக்கினு கையெழுத்துப் போட்டுட்டாராம். திறக்க வேண்டாமாம்.”

“நாகராஜ்?”

“அதைத்தான் நானும் கேட்டேன்.” மேசையில் கையை ஊன்றினார். “வியாழக்கிழமை புனேக்காரர் மறுபடி வருவார், சொன்னதைச் செஞ்சிருக்கீங்களான்னு பார்க்க. நான் பேப்பர் குடுத்தா அது இன்னொரு பேப்பர். ‘ட்யூ டு கேஜ் டிராப்’னு எழுதுவேன். கேஜ் தானாவே விழுந்த மாதிரி இருக்கும். அவர் பேப்பரை நம்புற ஆளில்ல, மேசையில உட்கார்ந்திருக்குற ஆளைக் கேப்பார். உங்களைக் கேட்டா, நீங்க சொல்லலாம். சொல்லாட்டியும் நான் உங்களைத் தப்பா நினைக்க மாட்டேன். உங்க பேரை நான் வெளியே விடல.”

வியாழக்கிழமைக்கு நாலு நாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உதட்டை அசைத்துக்கொண்டே போனேன். பக்கத்து சீட் பெண் ஜெபமாலை சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். எல்லா வழியிலும் சொல்லிப் பார்த்தேன். ‘சின்ஸ் தி பஸ் வாஸ் வெயிட்டிங்’ என்று தொடங்கினால் பழி பஸ் மேல் போனது. ‘ட்யூ டு ஆயில்’ என்றால் எண்ணெய் மேல் போனது. இங்கிலீஷில் இத்தனை வழி இருந்தது எனக்கு வசதியாகவே இருந்தது, ஒவ்வொன்றிலும் ஒளிந்துகொள்ள ஓர் இடம் இருந்தது. கடைசியில் ‘பிகாஸ் ஐ’ என்று தொடங்குகிற ஒன்றுதான் மிஞ்சியது. அதை மட்டும் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

வியாழக்கிழமை வந்தார். என் மேசை முன்னால் நின்றார். பின்னால் செல்வம், ஓரத்தில் மேடம்.

“ஒய் டூ யூ வைப் தி கேஜ்?”

“ஸோ தட் டஸ்ட் வில் நாட் கம், சார்.”

“ஒய் நோ-கோ?”

“ஸோ தட் பிக் ஹோல் வில் நாட் கோ அவுட், சார்.”

“குட்” என்று சிரித்துவிட்டுக் குறித்துக்கொண்டார். நகர்ந்தார்.

அவ்வளவுதான். அவர் கேட்கவே இல்லை. நாலு நாள் மனப்பாடம் செய்த பதிலுக்குக் கேள்வி வரவில்லை. முதலில் எனக்கு வந்தது நிம்மதிதான், பொய் சொல்ல மாட்டேன். அடுத்த மிஷினில் புது ஆள் ஒருத்தன் நின்றிருந்தான், நாகராஜ் இடத்தில். அவனிடம் அவர் “ஒய்?” என்று தொடங்கியதும் அவன் தன் கையைப் பார்த்தான். அதே மாதிரி.

“சார்” என்றேன். சத்தமாக வந்துவிட்டது. எல்லோரும் திரும்பினார்கள்.

“எஸ் மேடம்?”

“ஒன் ஒய் யூ டிட் நாட் ஆஸ்க், சார்.”

அவர் திரும்பி நடந்து வந்தார். “விச் ஒய்?”

“ஒய் பேட் பீஸ் வென்ட் அவுட்.” மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். “பிகாஸ் ஐ டிராப்ட் தி கேஜ், சார். ஐ டிட் நாட் டெல். தட் இஸ் ஒய்.”

செல்வம் “பிலோமினாம்மா” என்று பல்லைக் கடித்தார். புனேக்காரர் கையைத் தூக்கி அவரை நிறுத்தினார். கோபப்படவில்லை. மெதுவாகக் கேட்டார்: “ஒய் டிட் யூ நாட் டெல்?”

இதற்கு நான் தயார் செய்யவில்லை. கேன்டீன் வாசலில் நோட்டீஸ் போர்டு தெரிந்தது. அன்றைக்கும் ஏழெட்டுப் பெயர். கையை நீட்டிக் காட்டினேன்.

“பிகாஸ் ஆஃப் தட், சார்.”

அவர் நடந்து போய், போர்டு முன்னால் நின்று, ஒவ்வொரு தாளாகப் படித்தார். தமிழ் தெரியாது. ஆனால் காரணக் கட்டத்தில் இருந்தது இங்கிலீஷ், எல்லாவற்றிலும் ஒரே வாசகம். திரும்பி வந்தபோது அவர் பேனாவை மூடியிருந்தார்.

வாய் திறந்தது திறந்ததுதான் என்று மீதியையும் சொன்னேன். “நாகராஜ் சாரி இஸ் நாட் ரீசன், சார். கூலண்ட் ஒன்லி வாட்டர். ஹீ டோல்ட். டூ டைம்ஸ் டோல்ட்.”

“டோல்ட் ஹூம்?”

நான் பதில் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று இல்லை. எனக்கு ஒரு நோட்டீஸ் போர்டு போதும், இன்னொருத்தர் பெயரை நான் ஒட்ட வேண்டாம் என்று தோன்றியது.

“டு மீ, சார்” என்றார் செல்வம். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஆயில் டிரம் வரல சார். டெஸ்பாட்ச் பிரஷர். நான்தான் ஓட்டச் சொன்னேன்.” பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். மேடம்தான் மொழிபெயர்த்தார். அவருக்கும் அன்று வேறு பதில் கிடைக்கவில்லை பாருங்கள், சேஃப்டி என்று சொல்ல முடியவில்லை. அவர் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே கரைந்துவிட்டது. மேலிருந்து அவரைப் பிடித்து அழுத்திய கைகளை நானும் பார்த்தவள்தானே.

மூடிய ரிப்போர்ட் திறந்தது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, இன்னும் பீரோவில் இருக்கிறது. போர்டிலிருந்து பெயர்கள் இறங்கின. ஒவ்வொரு மேசைக்கும் ஒரு சிவப்புத் தட்டு வந்தது: கேஜ் விழுந்தால் அதில் வை, பெயர் எழுத வேண்டாம், உடனே வேறு தருவார்கள். முதல் வாரத்தில் அந்தத் தட்டுகளில் வந்த கேஜ்களைப் பார்த்து அளவுமானி அறைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். எல்லோர் கையும் எண்ணெய்க் கைதான்.

நாகராஜைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவன் வந்து சேர்வதற்குள் பர்மனென்ட் லிஸ்ட் போய்விட்டது. ஒரு வருடம் காத்திருந்தான்.

அவன் திரும்பி வந்த முதல் நாள் காலை, பாகலூர் ஸ்டாப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் காரணத்தைச் சொன்னேன், பிறகுதான் மன்னிப்புக் கேட்டேன். அந்த வரிசை முக்கியம் என்று எனக்குத் தோன்றியது. அவன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

“போன் பண்ணுனீங்களே, அப்பவே தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்.”

“கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன்கா” என்றான். பஸ் ஏறி, முன்னால் டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

அப்படியே பல வாரம். அவன் முன்னால், நான் என் இடத்தில், பின் சீட் காலி. நான் போய்ப் பேசவில்லை. அவன் கோபத்துக்குக் காரணம் இருந்தது, அதை நான் எந்த வார்த்தையாலும் குறைக்க முடியாது.

ஒரு நாள் ஷிப்ட் முடிந்து பஸ் கிளம்பிய பிறகு, பின்னால் சீட் கிறீச்சிட்டது. திரும்பவில்லை.

“ஏன்கா,” என்றான் நாகராஜ், “பிகாஸுக்கும் சின்ஸுக்கும் இன்னா வித்தியாசம்?”

என் கைப்பையில் இருந்த எச்சரிக்கைக் கடிதத்தின் உறைதான் கையில் கிடைத்தது. அதன் பின்பக்கத்தில், குலுங்கிய பஸ்ஸில், கோணல் மாணலாகத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். பாகலூர் வரும் வரை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தான். இறங்கும்போது மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

ஆகவே கவிதா, நீ கேட்ட நோட்டு ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது. உன் மேசையிலிருந்து நாலு எட்டு, மூன்றாவது மிஷினில் நிற்கிற செட்டர் நாகராஜண்ணனிடம் போய்க் கேள். அவன் தூக்கிப் போட்டிருக்க மாட்டான். ஏன் கேட்கிறாய் என்று அவன் கேட்டால், சாரி என்று மட்டும் சொல்லிவிடாதே.